விஞ்சு ரிமோட்டுக்கு இரண்டு ஆன்டெனா

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரைப் படகுப் பட்டறைகளில் விஞ்சுக்கு (படகைக் கயிற்றால் கரைக்கு இழுக்கும் எந்திரம்) ரிமோட் போட்டுத் தருகிறேன். போன வருஷம் ஒரு படகு பாதி கரையேறியிருந்தபோது 'நில்' பட்டனை அழுத்தினேன். விஞ்சு இன்னும் ஒரு முழம் இழுத்த பிறகுதான் நின்றது. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்றிருந்தான். எனக்கும் ரிசீவருக்கும் நடுவே அந்தப் படகே மறைத்திருக்கிறது.

அதனால் இப்போது 'நில்' என்று அனுப்புவதே இல்லை. பட்டனைப் பிடித்திருக்கும்வரை 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை 'ஓடு' போகும். 200 மில்லிசெகண்ட் எதுவும் வராவிட்டால் காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) விழுந்து விஞ்சு நின்றுவிட வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் போகும் செய்தி, அதாவது பாக்கெட், 8 பைட் போதும்: ரிமோட் எண், வரிசை எண், கட்டளை. பாக்கெட் கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் சிஆர்சி எண் கட்டாயம். லைசென்ஸ் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸில், எஃப்எஸ்கே முறையில் (அதிர்வெண்ணைச் சற்றே மாற்றி 0, 1 அனுப்புவது) 50 கேபிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 50,000 பிட், வைத்தால் 3 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேரும். லோரா என்ற ரேடியோ முறை தூரம் போகும்தான், ஆனால் அதன் மிக மெதுவான அமைப்பான எஸ்எஃப் 12-ல் இதே பாக்கெட்டுக்கு ஏறக்குறைய ஒரு செகண்ட் ஆகும்.

வராததை மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆளும் படகும் அசையாமல் நிற்கும்போது சிக்னல் விழுந்த பள்ளமும் (சிக்னல் வலுவிழக்கும் இடம்) அங்கேயே இருக்கும். பத்துத் தடவை அனுப்பினாலும் பத்தும் அதிலேதான் விழும். வேறு பாதை வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது ஆன்டெனா.

ரிசீவர் பக்கம் இரண்டு ரேடியோ மாட்யூல், ஆளுக்கொரு ஆன்டெனா. எதில் சிஆர்சி சரியாக முதலில் வருகிறதோ அதை எடுங்கள். அதே வரிசை எண் மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் 100-க்கு 1 தவறவிட்டால், இரண்டும் சேர்ந்து தவறவிடுவது 10,000-க்கு 1. இரண்டிலும் சிக்னல் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் மங்கினால்தான் இந்தக் கணக்கு. அரை அலைநீளமான 17 சென்டிமீட்டர் குறைந்தபட்ச இடைவெளி. நான் கொட்டகையின் இரண்டு மூலையிலும் வைக்கிறேன், ஒன்றை நேராக, ஒன்றைச் சாய்த்து. அப்போதுதான் ஒரே படகு இரண்டையும் மறைக்காது.

அனுப்பும் பக்கம் இரண்டு ஆன்டெனா வைக்க 1998-ல் சியாவாஷ் அலமௌட்டி என்ற பொறியாளர் காட்டிய வழி உண்டு. மலிவு மாட்யூலில் முடியாது. தவிர, ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனி பைலட் (பாதையை ரிசீவர் அளப்பதற்கான, முன்பே தெரிந்த சிக்னல்) வேண்டும். குட்டிப் பாக்கெட்டில் அதுவே பாதி இடத்தைத் தின்றுவிடும்.

ஆன்டெனாவைத் திருகி இணைக்கும் எஸ்எம்ஏ மூட்டுகளை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். இந்த உப்புக்காற்றில் சீக்கிரமே களிம்பு ஏறிவிடும்.

ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் நடுவில் படகை நிறுத்தி, ரிமோட்டை ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள்: 3,000 பாக்கெட். ஒவ்வொரு மாட்யூலும் தவறவிட்ட வரிசை எண்களைத் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டிலும் ஒரே எண்கள் விட்டுப்போயிருந்தால் ஆன்டெனாவை இடம் மாற்றுங்கள். கடைசியாக, விஞ்சு ஓடும்போதே ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். நிற்க வேண்டும். விஞ்சுப் பக்கத்துச் சிவப்பு ஸ்டாப் பட்டனை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.