தாத்தா வெள்ளைக்காரத் தொரையா? பிரஜாவுரிமைக்கு இப்படி ட்ரை பண்ணுங்க

நம்ம இலங்கை மலையகத்துல தோட்டத்துத் தொரைமார் வழியில வந்த குடும்பங்க அங்கங்க இருக்கு, ஆனா மொதல்ல பாக்க வேண்டியது எத்தனாவது தலைமுறைங்கறதுதான். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்து தீவுல பொறந்திருந்தா அங்கத்த வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டுல பதியலாம், பெரியாளுக்கு 278 யூரோ, பதிஞ்ச நாள்லருந்து நீங்க ஐரிஷ் பிரஜை. பிரிட்டன்ல பொறந்தவருன்னா நேரா பிரஜாவுரிமை கெடையாது, நம்ம நாடு காமன்வெல்த்ல இருக்கறதால ஆன்செஸ்ட்ரி விசா (தாத்தா பாட்டி வழிய வச்சுக் குடுக்கற விசா) எடுத்து 5 வருஷம் அங்க இருந்து வேலை செஞ்சு, நிரந்தர வதிவிடம் வாங்கி, அப்புறந்தான் பிரஜாவுரிமைக்கு அப்ளை பண்ணணும். தாத்தா பாட்டி கல்யாணம் கட்டாதவங்கன்னாலும் அந்த விசாவுக்குத் தடையில்ல. பூட்டன் மட்டும் வெள்ளைக்காரர்னா இந்த விசா கெடைக்காது.

கஷ்டம் எல்லாம் பேப்பர்லதான். எங்க அம்மாவோட பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் வர வேண்டிய கட்டத்துல பேனாவால இழுத்த ஒரு கோடு மட்டுந்தான், அதப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தேன். அப்படி இருந்தா சர்ச் ஞானஸ்நானப் பதிவு, பழைய கடிதாசின்னு எல்லாத்தையும் தேடுங்க. ஸ்காட்லாந்து பதிவுகள ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் சைட்ல எடுக்கலாம்.

முக்கியமா ஒண்ணு, வேற நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கறதுக்கு முந்தியே பத்தரமுல்லையில குடிவரவுத் திணைக்களத்துல இலங்கைப் பிரஜாவுரிமைய வச்சுக்க அப்ளை பண்ணிருங்க, இல்லாட்டி அது போயிரும். 1948ல பறிச்ச பிரஜாவுரிமைய 2003 சட்டம் வரைக்கும் போராடி வாங்குன சனம் நாம, தயவுசெஞ்சு அத விட்றாதீங்க.