மெடிக்கல் லீவில் ராஜினாமாவா? ஆபீஸ் லேப்டாப்பை இப்படி அனுப்புங்க

உடம்பு முடியாத நிலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கி, பெங்களூர் ஆபீஸுக்குப் பஸ் ஏறாதீர்கள். மருத்துவ விடுப்பில் இருப்பதைச் சொல்லி, வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யும்படி ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. டெலிவரி சலானையும் (என்ன பொருள், யாருக்குப் போகிறது என்று காட்டும் சீட்டு) கம்பெனியிடமே கேளுங்கள். வெளிமாநிலத்துக்குப் போகும் பார்சலுக்கு அது இல்லையென்றால் கூரியர்காரர் திருப்பிவிடலாம்.

ஆபீஸ் மெயில் முடங்குவதற்குள் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று) இரண்டையும் டவுன்லோட் செய்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கூகுள் கணக்கு, வாட்ஸ்அப் வெப் எல்லாவற்றிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். ஐடி பிரிவு சொல்லாமல் ஃபார்மட் மட்டும் வேண்டாம், கம்பெனி ஃபைலை அழித்ததாகப் பிரச்சினை வரும்.

பேக் செய்யும் முன், லேப்டாப்பின் அடியிலுள்ள சீரியல் நம்பர் தெரிய ஒரு போட்டோ, திரை ஒளிரும்போது ஒரு போட்டோ எடுங்கள். சார்ஜரை மூடிமேல் வைத்துக் கட்டினால் அழுத்தத்தில் திரை விரிசல் விடலாம். பக்கவாட்டில் தனியாகச் சுற்றி வையுங்கள். ஏற்காட்டு மழைக்கும் பனிக்கும் அட்டைப்பெட்டி நமுத்துவிடும், உள்ளே பாலிதீன் உறை அவசியம். மலைக்கு வண்டி வராவிட்டால் வீட்டில் ஒருவரிடம் அனுமதிக் கடிதம் கொடுத்து, கூரியரின் சேலம் கிளையில் ஒப்படைக்கச் சொல்லலாம்.

கூரியர் ரசீதோடு நிறுத்தாமல், 'பெற்றுக்கொண்டோம்' என்று சீரியல் நம்பரோடு மெயில் வாங்குங்கள். லேப்டாப் வரவில்லை என்று கடைசி செட்டில்மெண்டில் (கணக்கு முடித்துத் தரும் பணத்தில்) பிடித்தம் செய்தால் காட்ட அதுதான் ஆதாரம்.