சிந்துவெளியை அரூப ஓவியமாக வரையலாம், ஒரு செங்கல் அளவை வைத்து

சிந்துவெளி என்றதும் மொகஞ்சதாரோ பெருங்குளத்தையோ முத்திரையில் இருக்கும் திமில் காளையையோ பார்த்து வரையத்தான் கை போகும். இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம், அவர்களுடைய செங்கல் ஒன்று போதும். அதன் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற கணக்கில் இருக்கும். ஹரப்பாவுக்கும் மொகஞ்சதாரோவுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர், இரண்டு ஊரிலும் அதே கணக்கு! எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு அந்த நாகரிகத்தில் இல்லை.

14 அங்குல உயரமுள்ள கேன்வாஸ் எடுங்கள். அதே 1:2:4 கணக்கில் மேலே 2 அங்குலம் வானம், அடுத்த 4 அங்குலம் ஆறு, கீழே 8 அங்குலம் நிலம் என்று பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். வேறு அளவு கேன்வாஸ் என்றால் உயரத்தை ஏழால் வகுத்து, ஒரு பங்கு வானம், இரண்டு பங்கு ஆறு, நான்கு பங்கு நிலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக்கில் நான்கு நிறம் போதும்: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரைன் (அடர் நீலம்), வெள்ளை. முதலில் பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து கேன்வாஸ் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். வானத்துக்கு வெள்ளையில் துளி ஆக்கர், அவ்வளவுதான்.

ஆற்றில்தான் பலர் தடுமாறுவார்கள். டியூபில் இருக்கும் நீலத்தை அப்படியே பூசினால் கடலாகிவிடும். சிந்து இமயமலையிலிருந்து வண்டல் அள்ளிவரும் ஆறு, அந்த வண்டல்தான் அங்கே கோதுமையும் பார்லியும் விளையவைத்தது. அதனால் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சாம்பல் கலந்த கலங்கல் நிறம் வந்ததும் நிறுத்தி, அகலமான பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இடமிருந்து வலம் இழுங்கள்.

அடுத்தது நிலம், எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். ராஜஸ்தானில் கக்கர் ஆற்றுப்படுகையோரம் காளிபங்கனில், பெரிய நகரங்கள் எழுவதற்கு முன்பே உழுத வயல் ஒன்று மண்ணுக்கடியில் கிடைத்தது. ஒரு திசையில் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் சால்கள், குறுக்கே ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு ஒரு சால். ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து தடிமனாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் பழைய சீப்பைக் கிடைமட்டமாக இழுங்கள். அப்புறம் அட்டை விளிம்பால், 6 சீப்புக் கோடுகளின் அகலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கீறுங்கள். அடியில் காய்ந்திருக்கும் சிவப்பு அந்தக் கீறல் வழியே எட்டிப்பார்க்கும். கோணல் விழுந்தால் திருத்தாதீர்கள், ஏர் போன தடமும் அப்படித்தான் இருக்கும்.

காய்ந்ததும் கெட்டி அட்டையில் 1 செ.மீ.க்கு 4 செ.மீ. துண்டு வெட்டி (செங்கல்லின் உயரமும் நீளமும் இதே கணக்குதான்), பர்ன்ட் சியன்னாவில் தொட்டு ஆற்றங்கரையோரம் ஒற்றுங்கள். மொகஞ்சதாரோவில் வெள்ளத்துக்குப் பயந்து மேடை கட்டித்தான் வீடு எழுப்பினார்கள். அதனால் இந்தச் செங்கல் அச்சுகளை அடுக்கடுக்காக வையுங்கள். ஒருமுறை தொட்டு மூன்று ஒற்று ஒற்றினால் கடைசிச் செங்கல் பாதி அழிந்த மாதிரி விழும், அதுதான் நமக்கு வேண்டும்.

பிரஷ்ஷையும் சீப்பையும் உடனே கழுவிவிடுங்கள், அக்ரிலிக் இறுகிவிட்டால் போகாது.