புதியவர்களைப் பறவை பார்க்க அழைத்துச் செல்வது எப்படி?

நான் முதன்முதலாக ஒரு குழுவைப் பறவை பார்க்க அழைத்துச் சென்ற அன்று என் குறிப்பேட்டில் 34 வகைப் பறவைகள் ஏறியிருந்தன. எல்லோரும் கலையும்போது ஒரு சிறுமி இருநோக்கியை (பைனாகுலர்) திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதில் கறுப்பாகத்தான் தெரிந்தது சார்" என்றாள். இரண்டரை மணி நேரம் அதைக் கழுத்தில் சுமந்துகொண்டு பேசாமல் கூடவே நடந்திருக்கிறாள். அன்றிலிருந்து பட்டியலின் நீளத்தை நான் பொருட்படுத்துவதில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு பறவையையாவது நன்றாகப் பார்த்தாரா என்பதே என் கணக்கு. உங்கள் பகுதியில் இப்படி ஒரு நடையைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: முந்தைய நாளே நடந்து பாருங்கள்

நடை தொடங்கப்போகும் அதே நேரத்தில் போங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி பாதையின் திசையை முடிவு செய்யுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் நிழலுருவம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் தாராளம். ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

படி 2: கருவி

8x42 இருநோக்கியையே பரிந்துரைப்பேன். 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு பெருக்கம் கேட்கக் கவர்ச்சியாக இருக்கும்; ஆனால் கையின் நடுக்கமும் அதே அளவு பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். புதியவரால் அதற்குள் பறவையைக் கொண்டுவரவே முடியாது.

படி 3: கிளம்புமுன் பத்து நிமிடம்

அன்று நான் தவறவிட்டது இதைத்தான். இருநோக்கியை நான் சரிசெய்துவிட்டுக் கொடுத்தேன். சரிசெய்தது என் கண்களுக்கு! இப்போது ஒவ்வொருவரையும் அவரவர் கையாலேயே செய்ய வைக்கிறேன்.

முதலில் இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகச் சேரும் வரை பார்க்கச் சொல்லுங்கள். அந்த அகலம் கண்களின் இடைவெளியோடு பொருந்தாவிட்டால் கறுப்பு நிழல்தான் தெரியும். கண்ணாடி அணிந்தவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். அணியாதவர்கள் வெளியே ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, தொலைவில் அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மூடிவிட்டு, இடது கண்ணுக்குத் தெளிவாகும் வரை நடுச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். பிறகு இடது லென்ஸை மூடிவிட்டு, வலது கண்ணருகே உள்ள டையாப்டர் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். நம் இரு கண்களின் பார்வை பெரும்பாலும் ஒன்றுபோல இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை ஈடுகட்டத்தான் இந்த வளையம். அதன்பின் நாள் முழுவதும் நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

படி 4: பறவையைக் காட்டுவது

"அதோ, அந்த மரத்தில்!" என்ற சொல்லால் யாருக்கும் பயனில்லை. மரத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொள்ளுங்கள்: உச்சி 12, வலது ஓரம் 3. "இரண்டு மணியில், விளிம்பிலிருந்து உள்ளே ஒரு கை தள்ளி" என்று சொல்லுங்கள். இதிலும் ஒருமுறை தடுமாறினேன். மணியைச் சரியாகத்தான் சொன்னேன். பாதிப் பேர் பக்கத்து மரத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே முதலில் மரம் எது என்பதில் உடன்பாடு வேண்டும். தரையிலிருந்து தொடங்குங்கள்: வெள்ளைக் கல், அதன் பின்னால் இரண்டாகக் கிளைத்த மரம், அதன் இடது கிளை. ஒவ்வொரு கட்டத்திலும் "தெரிகிறதா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு மேலே போங்கள். குழு பரவி நிற்காமல் உங்கள் பின்னால் நெருங்கி நிற்கட்டும். கோணம் மாறினால் மணியும் மாறும்.

வெறுங்கண்ணால் பறவையைக் கண்டுபிடித்தவர், உடனே குனிந்து இருநோக்கியைப் பார்ப்பார். நிமிரும்போது பறவை தொலைந்திருக்கும். பார்வையைப் பறவைமேலிருந்து எடுக்கக் கூடாது. இருநோக்கிதான் கண்ணுக்கு வர வேண்டும். முதல் பறவையாகக் கரிச்சானைத் தேடுங்கள். திறந்த இடத்தில் அமரும். பூச்சியைப் பிடித்துவிட்டுப் பல நேரம் அதே கிளைக்குத் திரும்பும். கைப்பழக்கம் வருவதற்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது.

படி 5: பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

பெயரைச் சொன்ன கணத்தில் பார்ப்பது நின்றுவிடுகிறது. வால் என்ன வடிவம், என்ன செய்கிறது, நடக்கிறதா தத்துகிறதா என்று கேளுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் என்ற கைபேசிச் செயலி நல்ல துணைதான். ஆனாலும் முதல் அரைமணி நேரம் அது சட்டைப்பையிலேயே இருக்கட்டும். அது குரலை வைத்துச் சொல்வதை நாமும் பார்த்தோ கேட்டோ உறுதிசெய்த பிறகே எழுத வேண்டும்.

பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளமான இ-பேர்டில் ஒருவர் மட்டும் பட்டியலிட்டு மற்றவர்களோடு பகிர்ந்தால் போதும். அடையாளம் கண்ட எல்லாவற்றையும், காக்கை உட்பட, எண்ணிக்கையோடு பதியுங்கள். அப்போதுதான் அது முழுமையான பட்டியல். அதில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்பதும் தகவலாகிறது.

பிற்சேர்க்கை

சிறு குழந்தைகளுக்கு முழுதாக மடக்கினாலும் வட்டங்கள் சேரவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், பெரியவர்களுக்கான பல கருவிகள் அந்த அளவுக்கு நெருங்குவதில்லை. ஒரு குழலை மட்டும் தொலைநோக்கிபோல ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சிறுமி அடுத்த மாதம் வந்தபோது இப்படித்தான் மீன்கொத்தியைப் பார்த்தாள்.

பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிக்கச் செய்யலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அது போட்டிப் பறவை வந்துவிட்டதாக நினைத்து, இரைதேடலையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கூடு கண்ணில் பட்டால் நிற்காமல் கடந்துவிடுங்கள். நாம் கூட்டமாக நின்று பார்க்கும் இடத்தைக் காக்கையும் கவனிக்கும்.