நாற்பது பேர் கல்யாணத்துக்கு நானூறு பேர் மண்டபம்: புதுச்சேரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். அழைத்தவர்கள் நாற்பது பேர். முதல் நாள் மாலை லாரியில் வந்து இறங்கியவையோ நானூறு பேருக்கான சாமான்கள்: ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், சிம்மாசனம் போன்ற நாற்காலிகள் இரண்டு, மணமேடைக்குப் பின்னால் நிறுத்த ஒரு பூ அலங்காரச் சட்டம். சட்டம் வாசல் நிலைக்குள் நுழையவில்லை. பிரித்து, அறுத்து, எப்படியோ உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். முற்றத்தின் மரத்தூண்கள் நான்கும் அதன் பின்னால் மறைந்துபோயின. அந்தத் தூண்களைப் பார்த்துத்தான் அவ்வளவு வாடகைக்கு அந்த வீட்டைப் பிடித்திருந்தோம்.

பழைய ஊரில் சின்னக் கல்யாணம் என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மண்டபம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு, மண்டபத்தையே மூட்டைகட்டிக் கொண்டுவருகிறோம்.

முதல் தவறு, வீட்டைப் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. புதுச்சேரியின் பழைய நகரத்தைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலை ஒட்டியது பிரெஞ்சுப் பகுதி: உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், மஞ்சள் சுவர். மேற்கே தமிழ்ப் பகுதி: தெருவைப் பார்த்த திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம். எல்லோரும் மஞ்சள் சுவருக்கே ஓடுகிறார்கள். ஆனால் ஹோமம் வளர்த்து, தாலி கட்டி, நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால், அதற்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல் இருப்பது முற்றம் வைத்த வீடுதான். திறந்த வானம் இருப்பதால் புகை தங்காது. தாழ்வாரத்தில் பெரியவர்கள் நிழலில் உட்காரலாம். திண்ணையில் வரவேற்பு வைத்துக்கொள்ளலாம். வைசியாள் வீதியில் ஒருமுறை நடந்து பார்த்தாலே இது விளங்கும். மதில் சூழ்ந்த பிரெஞ்சு வீட்டை மாலை விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது அருமையான இடம்.

வீடு எதனால் கட்டப்பட்டது என்று கேட்காமல் அலங்காரக்காரரை உள்ளே விடுவது அடுத்த தவறு. இவை சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள். கூரை மெட்ராஸ் டெரஸ். மர உத்தரங்கள்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. ஆணி அடித்தால் சுவரில் ஓட்டை மட்டும் விழாது, பூச்சே பாளமாகப் பெயரும். உத்தரத்தில் கனமான விளக்குச் சரங்களைத் தொங்கவிட உரிமையாளர் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். வாழைமரத்தைத் தூணோடு கயிற்றால் கட்டினால் போதும். ஆரத்தித் தண்ணீரும் விளக்கு எண்ணெயும் பழைய தரையில் கறையாக ஊறிவிடும். கீழே தாம்பாளம் வையுங்கள். முன்பணம் திரும்பி வருமா என்பதை இந்தச் சின்ன விஷயங்களே தீர்மானிக்கின்றன.

தேதி விஷயத்தில் பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆடி கழிந்து, மார்கழிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் குறிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள் அவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது. மழை மார்கழியிலும் விடாது: 2011 டிசம்பர் 30 அதிகாலை கரையைக் கடந்தது 'தானே' புயல். முற்றத்துக்கு மேல் கூரை கிடையாது என்பது கல்யாணத்தன்று காலையில்தான் சிலருக்கு நினைவுக்கு வருகிறது. தையும் மாசியும் உத்தமம். அதிலும் வார நாளாகப் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் சென்னையும் பெங்களூரும் இங்கேதான் வந்து இறங்குகின்றன. அரவிந்தர் பிறந்த நாளான ஆகஸ்ட் 15, அவரது ஆசிரமத்தின் அன்னை பிறந்த நாளான பிப்ரவரி 21, புத்தாண்டு இரவு ஆகிய நாட்களை ஒட்டி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

அறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதியாக மாறிய பழைய வீடுகளில் அறைகள் குறைவு. நாற்பது பேரும் ஒரே கூரையின்கீழ் தங்குவார்கள் என்று கற்பனை செய்துகொண்டு, கடைசியில் மூன்று இடங்களில் பிரித்துப் போடுவார்கள். வாடகை குறைவு என்று மாமாக்களை ஆசிரம விடுதியில் போட்டால் அங்கே மது, புகை கூடாது. இரவில் குறித்த நேரத்துக்குமேல் கதவையும் மூடிவிடுவார்கள். எந்த மாமாவை எங்கே போடுவது என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

கடற்கரைக் கல்யாணம் என்ற ஆசை வேறு இருக்கும். நகரத்தின் கரையில் நெடுக இருப்பவை கருங்கற்கள். 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு வடக்கே மணல் வரத்து தடைப்பட்டு, இருந்த மணலும் அரித்துப்போனது. தலைமைச் செயலகத்தின் எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்ததால் அண்மை ஆண்டுகளில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. அது ஊருக்கே பொதுவான மணல், அங்கே பந்தல் போட முடியாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்கள் போகக் கூடாது. விடியற்காலைப் படத்துக்கு இது வரம். ஆனால் பட்டுப்புடவையுடன் பாட்டியை அவ்வளவு தூரம் நடக்கவைப்பது பாவம். ட்ரோன் ஆசையை விட்டுவிடுங்கள். சுற்றிலும் அரசுக் கட்டடங்கள், சட்டமன்றம், பிரெஞ்சுத் துணைத்தூதரகம்.

ஒலிபெருக்கியையும் லாரியிலேயே திருப்பி அனுப்பலாம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வாத்தியங்களுக்கும் அந்த நேரத்தில் கட்டுப்பாடு உண்டு. அதிகாலை நாலரை மணிக்கு முகூர்த்தம் குறித்தால் கெட்டிமேளமே பக்கத்து வீட்டுப் புகாராகிவிடும். ஏழரைக்குமேல் ஒரு முகூர்த்தம் இல்லாமலா போகும்? அதற்காக நாதஸ்வரத்தை விட்டுவிடாதீர்கள். மைக் இல்லாத நாதஸ்வரமும் தவிலும் நான்கு சுவருக்குள் ஒலிப்பதை ஒருமுறை கேட்டவர்கள் மண்டபத்து மைக்கை மன்னிக்க மாட்டார்கள்.

அழைப்பில்தான் மனஸ்தாபம் முளைக்கிறது. நாற்பது பேர் கல்யாணத்துக்கு முந்நூறு பத்திரிகை அச்சடித்து, "வர முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்று கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாம்பூலத்தோடு பத்திரிகை வைத்தால் அது அழைப்புத்தான். பெரியப்பா குடும்பத்தோடு வேனில் வந்து இறங்குவார். கல்யாணத்துக்குப் பத்திரிகையே வேண்டாம். ஊரில் பின்னால் வைக்கும் வரவேற்புக்கு அடியுங்கள். விட்டுப்போனவர்களுக்கு நேரில் போய், கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட அத்தையின் கோபம் பேரன் பிறந்த பிறகும் தீராது.

சமையல்காரர்கள் பலர் குறைந்தது நூறு இலை என்பார்கள். நாற்பதுக்கு ஒப்புக்கொண்டால் இலைக்கு விலை ஏறும். அதில் தவறில்லை, இருபத்தெட்டு வகை கேட்பதுதான் தவறு. பூவுக்கு வெளியூர் போக வேண்டாம். பெரிய மார்க்கெட்டில் மல்லியும் சம்பங்கியும் காலையிலேயே கிடைக்கும்.

பதிவை யாரும் யோசிப்பதில்லை. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். அங்கே நடந்த கல்யாணத்தைச் சென்னை அலுவலகம் பதிவுசெய்யும் என்று நீங்களாக முடிவுசெய்யாமல் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால், மணமக்களில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் முன் அந்த மாவட்டத்தில் 30 நாட்களாவது வசித்திருக்க வேண்டும். அதன்பின் இன்னும் 30 நாள் காத்திருப்பு. புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1962இல் இந்தியாவோடு இணைப்பு சட்டபூர்வமானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பாரிசிலிருந்து வந்து மணம் முடிக்கிறார்கள். அவர்கள் திருமணத் தகுதிச் சான்றைத் துணைத்தூதரகத்தில் கல்யாணத்துக்கு முன்பே வாங்க வேண்டும். அந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

கடைசியாக, ஊர் திரும்பும் கார்கள். புதுச்சேரியில் மதுவின் விலை குறைவு. அதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம். எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. எங்கள் கல்யாணத்தில் தாம்பூலப் பைகளுக்கு அடியில் இரண்டு புட்டிகளை மறைத்து எடுத்துப்போனார் ஒரு மாமா. மறுவீட்டு விருந்தில் அவருக்குப் போட்ட இலை சாயங்காலம்வரை அப்படியே கிடந்தது.