விபிஎன் வேலை செய்யவில்லையா? அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள்

ஹட்டனில் இருக்கும் ஆபீஸ் சர்வருக்குள் கொழும்பிலிருந்து விபிஎன் (இணையத்தின் ஊடாக ஆபீஸ் வலையமைப்புக்குள் போகும் பாதுகாப்பான பாதை) வழியாகப் போக முடியவில்லை என்றதும், பலரும் முதல் வேலையாக லேப்டாப்பில் உள்ள விபிஎன் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாவியும் சான்றிதழும் அதோடு போய்விட்டால், உண்மையான கோளாறு சரியான பிறகும் உள்ளே நுழைய முடியாது. ஆபீஸில் இருக்கும் தம்பிக்கு போன் பண்ணி ரவுட்டரைத் திரும்பத் திரும்ப ஆஃப் பண்ணச் சொல்வதும் வேண்டாம். நிலையான ஐபி (இணைய முகவரி எண்) இல்லாத இணைப்பில் ஒவ்வொரு தடவையும் முகவரி மாறக்கூடும்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: விபிஎன் இணையவே இல்லையா, அல்லது இணைந்தும் சர்வர் கிடைக்கவில்லையா? வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளில் ‘ஆக்டிவ்’ என்று பச்சையாகக் காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம், மறுமுனை செத்துக் கிடந்தாலும் அது அப்படித்தான் காட்டும். கீழே கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனையும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திக்கொள்வது) எப்போது நடந்தது என்று இருக்கிறதா பாருங்கள். அனுப்பியது ஏறிக்கொண்டே போய், பெற்றது பூச்சியத்திலேயே நின்றால், ஆபீஸிலிருந்து பதிலே வரவில்லை.

அப்படியென்றால் மலையகத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இணைப்பைத்தான். ஃபைபர் வராத இடங்களில் ஆபீஸே ஒரு 4ஜி ரவுட்டரில்தான் ஓடுகிறது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி (WAN, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் உள்ள எண்ணையும், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளம் சொல்லும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 10-இலோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இணைய நிறுவனம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நீங்கள் 1194, 51820 என்று எத்தனை போர்ட்டை (விபிஎன் உள்ளே வரும் வாசல் எண்ணை) ரவுட்டரில் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து ஒன்றும் வந்து சேராது, மாறும் ஐபியை ஒரு பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ்ஸும் உதவாது. நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஆபீஸ் பக்கமிருந்தே வெளியே இணைப்பு போகும்படி செய்யுங்கள்: நடுவில் நிற்க வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன கிளவுட் சர்வர், அல்லது டெய்ல்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் சேவை.

இதையெல்லாம் ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு சோதிப்பதும் தவறு. உள்ளேயிருந்து பொது ஐபியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்கள் திருப்பி விடாது. போன் டேட்டாவில் ஹொட்ஸ்பொட் போட்டுச் சோதியுங்கள்.

இணைந்தும் சர்வர் கிடைக்கவில்லை என்றால் கதை வேறு. வீட்டிலும் ஆபீஸிலும் உள் ஐபிகள் 192.168.1 என்றே தொடங்கினால் லேப்டாப் சர்வரைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தேடும். ஆபீஸை 10.37.5 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றுங்கள், பிரிண்டரின் ஐபியை மறந்துவிடாமல். பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) வரவில்லை என்பதால் மட்டும் விபிஎன்னைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாக உள்ளூர் வலையமைப்பைத்தான் விடும், விபிஎன் கொடுத்த முகவரி அதற்கு அந்நியம். அந்த முகவரிகளையும் ஃபைல் ஷேரிங் விதியில் சேர்க்க வேண்டும். பிங் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் விபிஎன்னின் எம்டியூவை (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவை) 1280-க்குக் குறைத்துப் பாருங்கள்.

ஐப்பசி இடிமழையில் கரண்ட் போய் வந்த பிறகு வரும் கோளாறுகள் தனி. சர்வருக்கு வேறு ஐபி கிடைத்திருக்கலாம், அதற்கென்று ஒரே ஐபியை ரவுட்டரில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். பழைய மெஷினில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய், சான்றிதழ் செல்லாது என்று ஓபன்விபிஎன் (இன்னொரு விபிஎன் மென்பொருள்) மறுக்கும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பில்) மாற்றினீர்களா? அதையும் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட மோசமானது, விபிஎன் படுத்துவிட்டதே என்று அவசரத்துக்கு, தூரத்திலிருந்தே மெஷினை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது. திறந்த போர்ட்டைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் ஓயாமல் சுற்றுகின்றன. ஊழியர்களின் சம்பளப் பட்டியலும் சேமலாப நிதிக் கணக்கும் அந்த மெஷினில்தானே இருக்கின்றன. ஏற்கெனவே திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள், எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், தெரியாத முகவரியிலிருந்து யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா என்று விண்டோஸின் செக்யூரிட்டி லொக்கை (யார் யார் நுழைந்தார்கள் என்ற பதிவை) பாருங்கள்.