நில உபயோகப் பெயர்களை ஒரே பட்டியலுக்குக் கொண்டுவருவது எப்படி

ஒரு நகரத்துக்குப் புது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போட உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் வரைபடத்தைத்தான் திறக்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நில உபயோக வகைகளின் பெயர்களைச் சேகரியுங்கள். பழைய முழுமைத் திட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கும், ஒரு சிறு பகுதிக்கு மட்டும் போடும் விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் வேறொன்று இருக்கும், புதிதாகச் சேர்ந்த கிராமங்களுக்குப் பட்டியலே இருக்காது.

அடுத்து, மூன்று விஷயங்களை அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள்: நிலத்தில் இன்று என்ன இருக்கிறது, வருவாய்ப் பதிவேடு என்ன சொல்கிறது, இனி அங்கே எதற்கு அனுமதி. சிட்டாவில் நஞ்சை என்று இருக்கும் இடம் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம், இன்று முள்செடி மண்டிக் கிடக்கலாம். மூன்றும் சரியே. ஒரே நெடுவரிசையில் போட்டால்தான் குழப்பம்.

சரி, எந்தப் பட்டியலை அடிப்படையாக வைப்பது? மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டியில் குடியிருப்பு, வணிகம், தொழில், பொதுப் பயன்பாடு, பொழுதுபோக்கு, போக்குவரத்து என்று பொதுவான தலைப்புகள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டிட விதிகளில் உள்ள பெயர்களையே வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஆதாரக் குடியிருப்பு (primary residential), கலப்புக் குடியிருப்பு (mixed residential) என்ற பெயர்களை வைத்துத்தான் அங்கே எதைக் கட்டலாம் என்பதே முடிவாகிறது. மத்தியப் பட்டியலைக் குறியீடாகப் பக்கத்தில் போட்டால் போதும்.

இனிதான் உண்மையான வேலை. இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் புதுப் பெயர் என்று இணைப்பு அட்டவணை போடுங்கள். இலகு தொழில், பொதுத் தொழில் இரண்டும் ஒரே ‘தொழில்’ ஆகும்போது அட்டவணையிலேயே முடிந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் இலகு தொழில் மட்டும் இருந்த இடத்தில் இனி பெரிய ஆலைக்கும் வழி திறந்துவிடும், பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு பழைய பெயர் இரண்டாகப் பிரிந்தால் அட்டவணை உதவாது, சர்வே எண் வாரியாகப் பார்த்தே தீர வேண்டும். அனுமதிக்கப்படும் பயன்பாடு மாறினால் அது பெயர் மாற்றம் இல்லை, நில உபயோக மாற்றம். 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறபடி போக வேண்டும். அந்த வரிகளை மட்டும் தனியாக நிறமிட்டு வையுங்கள்.

எல்லாக் கட்டுப்பாட்டுக்கும் புது வகை உண்டாக்கவும் வேண்டாம். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் (2008) செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிய பகுதி எல்லாம் நில உபயோகத்துக்கு மேல் வரும் கூடுதல் கட்டுப்பாடுகள்தான். அப்படியே மேலடுக்காக வையுங்கள். இல்லாவிட்டால் ‘நீர்ப்பிடிப்புக் குடியிருப்பு’, ‘கடலோரக் குடியிருப்பு’ என்று பட்டியல் வீங்கிவிடும்.

அப்புறம் நிறம். நம் வழக்கத்தில் வணிகம் நீலம், பொதுப் பயன்பாடு சிவப்பு. அமெரிக்க வரைபடங்களில் வணிகம்தான் சிவப்பு, அங்கிருந்து வார்ப்புரு எடுத்தால் கவனம்.

வெளியிடுவதற்கு முன், ஒரே சர்வே எண் இரண்டு வகையில் விழும் இடங்களையும் எந்த வகையிலும் விழாத துண்டுகளையும் கணினியில் தேடி எடுங்கள். பெரும்பாலும் சாலை ஓரத்திலும் ஏரிக்கரையிலும்தான் அவை சிக்கும்.